சுக்கான் பிழைத்த இதழ்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கையிலிருக்கும் சாவிக்கொத்து ஆடும். தூக்கத்தில்கூட வலது கால் பிரேக்கைத் தேடி மெத்தையை மிதிக்கும் என்று அவர் மனைவி சொல்வாள். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கண் மருத்துவர் குப்புறப் படுக்கப் போட்டுவிட்டார்.

ஒரு நாள் காலையில் மாணவி ஒருத்தி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் இடது கண்ணுக்குள் யாரோ கறுப்புத் திரையை இழுத்துவிட்டது போல் பாதி உலகம் மறைந்தது. விழித்திரை பிய்ந்து தொங்குகிறது என்றார்கள். அன்றைக்கே அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை ஏற்றி வைத்தார்கள். குமிழ் மேலே எழும்பும், எழும்பினால்தான் பிய்ந்த இடத்தை அழுத்தி ஒட்ட வைக்கும். அதற்குக் கண்ணின் பின்புறம் மேலே இருக்க வேண்டும் என்பதால், சொல்லும்வரை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்காமல் இருக்க வேண்டும். மற்றக் கண்ணிலும் ஒரு கிழிசல் ஆரம்பித்திருந்ததால் அதற்கு லேசர் போட்டிருந்தார்கள். மருத்துவர் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

"ரெண்டு கண்ணும் ஜோடி மாடு மாதிரி. ஒண்ணு ஓடினா இன்னொண்ணும் ஓடும். அதனால படிக்கிற வேலையே வச்சுக்காதீங்க. ஒரு எழுத்துகூட."

சாப்பிடாதே என்றால்கூட மாஸ்டர் பொறுத்துக்கொண்டிருப்பார். படிக்காதே என்றது அவர் அடிமடியில் கை வைத்தது போல் ஆயிற்று. அவர் காமிக்ஸ் பைத்தியம். வெறுமனே படிக்கிற பைத்தியமும் இல்லை, அபிப்பிராயம் சொல்கிற பைத்தியம். காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸப் குழுவில் அவர் போடும் குரல் பதிவுகளுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. இப்போதைக்கு மூன்று தொடர்கள் அவர் கையில் இருந்தன. 'பாலைவன வைத்தியர்' ஒரு குதிரை மருத்துவரின் கதை. கதை பிரமாதம், ஆனால் ஓவியர் குதிரைக்கு நாற்காலிக் கால்களை வரைகிறார் என்பது மாஸ்டரின் தீர்ப்பு. 'நிழல் வேந்தன்' திட்டுவதற்காகவே அவர் வாங்கும் தொடர். மூன்றாவது 'ஆழ்கடல் அஞ்சல்காரி'. கடலில் மூழ்கிப்போன நகரங்களில் காற்று நிரப்பிய மூச்சுக்கூண்டுகளுக்குள் வாழும் மக்களுக்குச் சின்ன நீர்மூழ்கியில் போய்த் தபால் கொடுக்கும் ஒருத்தியின் கதை. அவளுக்குத் துணை சுக்கான் என்ற ஒற்றைக்காது நாய். இந்தத் தொடரைப் பற்றி யாராவது குறை சொன்னால் மாஸ்டர் சண்டைக்குப் போவார்.

மனைவி சரக்குக் கிடங்கில் கணக்கு மேற்பார்வையாளர். இருந்த விடுப்பெல்லாம் மருத்துவமனையிலேயே தீர்ந்துவிட்டது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா வந்து சேர்ந்தார்.

மாமியார் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொடுக்கும் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர். கடையை உதவிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாலும், கழுத்தில் அளவு நாடா தொங்காவிட்டால் அவருக்கு ஏதோ குறைகிறாற்போல் இருக்கும். மாப்பிள்ளையோடு அவர் அதிகம் பேசியதில்லை. "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்பதோடு சரி. மாஸ்டரும் "சரிங்க அத்தை" என்பதற்கு மேல் போனதில்லை.

இப்போது இருவரும் நாள் முழுக்க ஒரே வீட்டில். ஒருவர் நடமாடிக்கொண்டு. இன்னொருவர் முகம் வைக்க ஓட்டை போட்ட தலையணையில் கவிழ்ந்துகொண்டு. கட்டிலின் தலைமாட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஓட்டை வழியாக மாஸ்டருக்குத் தரை தெரிந்தது. தரையில் மூன்று ஓடுகள். நடு ஓட்டில் ஒரு விரிசல். மனிதர்கள் வந்தால் பாதம் தெரியும். அத்தையின் பாதம், பால்காரரின் செருப்பு, மனைவியின் அவசர நடை. மற்றபடி விரிசல்தான். கால் மட்டும் கட்டிலில் தாளம் போட்டபடியே இருந்தது. மணி என்ன என்று கேட்பார். சொன்ன சற்று நேரத்தில் மறுபடி கேட்பார்.

இரண்டாவது நாள் அவர் பிடிபட்டார். அத்தை குளிக்கப் போன சமயம், தடவித் தடவி ஒரு பழைய காமிக்ஸை எடுத்து ஓட்டைக்கு நேரே தரையில் விரித்து வைத்திருந்தார். முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் ஈரப் பாதங்கள் வந்து நின்றன. புத்தகம் பறிபோனது.

"என்ன மாப்பிள்ளை இது? சின்னப் புள்ளைங்ககூட டாக்டர் சொன்னா கேக்குதுங்க."

"படம்தாங்க அத்தை பாத்தேன்."

"படத்தைக் கண்ணாலதானே பாத்தீங்க?"

மாஸ்டரின் கால் தாளம் வேகமானது. கட்டில் கிரீச்சிட்டது. அத்தை கொஞ்ச நேரம் நின்றுபார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டில் உடைஞ்சு போகும். நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க."

"உங்களுக்குப் பழக்கம் இல்லைங்களே அத்தை. பொம்மைப் புத்தகம்னு சொல்லுவீங்க."

"பொம்மைப் புத்தகம்தான். ஆனா தமிழ்லதானே எழுதியிருக்கு?"

முதல் நாள் வாசிப்பு மகா கொடுமையாக இருந்தது. பேசுபவர் யார் என்று சொல்லாமல் எல்லா வசனத்தையும் ஒரே மூச்சில் வாசித்தார். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று தெரியாமல் செத்தவன் எழுந்து சண்டை போட்டான். "இடமிருந்து வலம், அப்புறம் கீழ" என்று மாஸ்டர் தலையணைக்குள்ளிருந்து கத்தினார். ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாத மாணவர்களிடம் கத்தும் அதே குரல். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. துணி வெட்டும்போது முன்பாகம் பின்பாகம் மாறினால் தானும் உதவிக்காரியிடம் இப்படித்தான் கத்துவதுண்டு என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டொரு நாளில் கை படிந்துவிட்டது. படத்தையும் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் அவர் கண்ணுக்கு முதலில் பட்டது துணிமணிதான்.

"இந்த நிழல் வேந்தன் மாடியிலேர்ந்து குதிக்கிறான் மாப்பிள்ளை. முதுகுல ஒரு போர்வை பறக்குது. அதைத் தோள்ல எங்க தைச்சிருக்கான்னே தெரியலை. கொக்கியும் இல்லை, பொத்தானும் இல்லை. இவ்வளவு கனத் துணி இப்படிப் பறந்தா கழுத்தை நெரிச்சுடாது?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை ஆடும் என்று அடக்கிக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்தத் தொடரைத் திட்டியவருக்கு இப்படி ஒரு குற்றம் தோன்றியதே இல்லை.

"குதிரை வைத்தியர் எப்படிங்க அத்தை?"

"அந்த ஆளு நல்லவரு. சட்டை கிழிஞ்சிருக்கு, ஆனா ஒழுங்கா ஒட்டுப் போட்டிருக்காரு. குதிரைக்குத்தான் காலு வெளங்கலை."

"அதைத்தாங்க நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்!"

அஞ்சல்காரியை அத்தைக்குப் பிடித்துப்போனது. அவள் போட்டிருந்த நீளமான கோட்டு அதற்கு முக்கியக் காரணம். இரட்டைத் தையல், உள்ளே கித்தான் துணி, தபால்கள் நனையாமலிருக்க உள்பை. "இது தெரிஞ்சவன் வரைஞ்ச கோட்டு" என்று சான்றிதழ் கொடுத்தார். சுக்கானையும் பிடித்துப்போனது. ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. நாய் வரும் கட்டங்களில் மட்டும் குரல் மெதுவாகும்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, வேலைவிட்டு வந்த மனைவி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை அடுக்களையில் இருந்தார்.

"ஒரு கண்ணு சரியா வரலைன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"டாக்டர் ஒட்டிக்கிச்சுன்னுதானே சொல்றாரு?"

"ஒட்டிக்கிச்சுன்னாரு. தெரியும்னு சொல்லலை. பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் போடறதைத் தவிர எனக்கு என்ன தெரியும், சொல்லு."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அபிப்பிராயமாகப் பொழிகிற மனிதர் எதை மறைக்கப் பொழிகிறார் என்று அத்தைக்கு அன்றுதான் புரிந்தது.

மறுநாள் 'அஞ்சல்காரி' புது இதழ் வந்தது. கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனவர் பைண்டர். பழைய காமிக்ஸ்களைச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டுக்கொடுப்பவர். மாஸ்டரின் பால்ய சிநேகிதர். வேலை அவசரம் என்று உள்ளே வராமலே ஓடிவிட்டார்.

மாஸ்டர் பரபரத்தார். "அத்தை, அடுப்பை அணைச்சுட்டு வாங்க. போன இதழ்ல கூண்டு உடைஞ்சு தண்ணி உள்ள வந்திட்டிருந்தது. ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்லை."

அத்தை வாசித்தார். தண்ணீர் ஏறுகிறது. அஞ்சல்காரி குழந்தைகளை நீர்மூழ்கியில் ஏற்றுகிறாள். சுக்கான் கடைசிக் குழந்தையைச் சட்டைக் காலரில் கவ்வி இழுத்து வருகிறது. குழந்தை உள்ளே வந்துவிடுகிறது. நாய் வெளியே நிற்கிறது. தண்ணீர் கதவுக்கு வந்துவிட்டது.

அத்தை பக்கத்தைப் புரட்டினார். வாசிப்பு நின்றது.

அந்தப் பக்கம் முழுவதும் ஒரே படம். கதவு சாத்தியிருந்தது. கதவிலிருந்த வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுக்கான். இந்தப் பக்கம் கண்ணாடியில் அஞ்சல்காரியின் உள்ளங்கை. வசனம் ஒன்றுகூட இல்லை.

"என்னங்க அத்தை ஆச்சு?"

"இருங்க மாப்பிள்ளை. பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு."

கட்டில் தாளம் நின்றுவிட்டது. அவர் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். கண் அறுவை நடந்த ஆள், குப்புறக் கிடக்கிறார், நேற்று அப்படிப் பேசினவர். இவர் இப்போது அழுதால் என்ன ஆகும்? அத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அஞ்சல்காரி கோட்டைக் கழட்டறா" என்றார். "கழட்டி, கீழ் மடிப்பைப் பல்லால கடிச்சுப் பிரிக்கறா. இரட்டைத் தையலா இருந்தாலும், சரியான நூலைப் புடிச்சா சரசரன்னு வந்துடும். உள்ள இருந்த கித்தானைப் பட்டை பட்டையா கிழிச்சு முடிச்சுப் போடறா."

"அடடா! கயிறு!"

"கயிறுதான். ஒரு நுனியை இடுப்புல கட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள பாயறா. நாயைக் கட்டிப் புடிச்சுக்கறா. புள்ளைங்க எல்லாம் சேர்ந்து உள்ளேர்ந்து இழுக்குதுங்க."

"இழுத்து?"

"ரெண்டு பேரும் உள்ள வந்துட்டாங்க. நாய் உடம்பை உதறுது. எல்லா தபாலும் நனைஞ்சு போச்சு. முடிஞ்சது, தொடரும்னு போட்டிருக்கான்."

மாஸ்டர் உடனே, "போனை எடுங்க அத்தை" என்றார்.

அவர் குழுவுக்குக் குரல் பதிவு போடப் போகிறார் என்பது அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. சிக்னல் இல்லை என்றார். சார்ஜ் இல்லை என்றார். மாஸ்டர் விடவில்லை. போனைக் கட்டிலுக்குக் கீழே பிடிக்கச் சொல்லிப் பொழிந்து தள்ளினார். இந்தத் தொடரிலேயே உச்சம் இந்த இதழ்தான் என்றார். அவள் போட்டிருந்த கோட்டை இத்தனை நாளாக நாம் வெறும் உடையாகப் பார்த்தோமே, அதற்குள் ஒரு கயிற்றை ஒளித்து வைத்திருக்கிறான் பார் ஆசிரியன் என்றார். தபால்காரி தபாலை நனையவிட்டு ஓர் உயிரைக் காப்பாற்றினாளே, அதுதான் கதை என்றார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பதிவு போய்விட்டது.

பதில்கள் வந்து விழுந்தன. 'மாஸ்டர், எந்த இதழைச் சொல்றீங்க?' 'அண்ணனுக்கு மயக்க மருந்து இன்னும் தெளியலை போல.' 'கயிறா? எந்தப் பக்கம்?'

"என்ன சொல்றாங்க அத்தை?"

"எல்லாரும்... நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"யாரும் சண்டைக்கு வரலையா? அப்படி இருக்காதே!"

மாஸ்டருக்கு அதுவே நெருடியது. காமிக்ஸ் வாசகர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அவர் பார்த்ததில்லை. இரவெல்லாம் புரண்டு படுக்க முடியாமல் மனசு மட்டும் புரண்டது.

காலையில் பைண்டர் பதறி ஓடிவந்தார். பசைக் கறை படிந்த செருப்பு கட்டிலுக்கருகே வந்து நின்றது.

"டேய், உனக்குக் கண்ணுலதானே ஆபரேஷன்? தலையில ஏதும் பண்ணலியே?"

"ஏன்டா?"

"சுக்கான் செத்துப் போச்சுடா. குரூப்பே அழுதுக்கிட்டு இருக்கு. நீ கோட்டு, கயிறுன்னு உளர்றே."

அத்தையின் பாதங்கள் வாசலோரத்தில் அப்படியே நின்றன. பைண்டர் தரையில் உட்கார்ந்து, இதழைத் திறந்து, அந்த ஒரு பக்கத்தை ஓட்டைக்கு நேரே நகர்த்தினார். படிக்க ஓர் எழுத்தும் இல்லாத பக்கம். மாஸ்டர் வலது கண்ணால் ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"எடுத்துடு" என்றார்.

பைண்டருக்கு விஷயம் புரிந்ததும் இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் கிளம்பிவிட்டார். மாஸ்டரின் முகத்தை யாராலும்தான் பார்க்க முடியாதே.

"எனக்குக் கண்ணு தெரியலைங்கறதுக்காக ஏமாத்திட்டீங்க இல்லை அத்தை?"

"அழுதுடுவீங்களோன்னு பயமா இருந்தது மாப்பிள்ளை. அழுதா தலை குலுங்கும்."

"நான் குழந்தையா? இதே மாதிரி டாக்டர் சொன்னதையும் மாத்திச் சொல்றீங்களா எல்லாரும்? ஒட்டிக்கிச்சுங்கறது நிஜமா, இல்லை அதுவும் கோட்டுக் கதையா?"

இது இப்படிப் போகும் என்று அத்தை நினைக்கவில்லை. "சத்தியமா இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வாசிப்பு நின்றது. கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மாஸ்டருக்கு அதற்கும் வழியில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஆகாரத்தை உறிஞ்சு குழாயில் குடித்தார். மாலையில் மனைவி வந்து விவரம் கேட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், மருத்துவருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஒட்டியிருக்கிறது, பார்வை எவ்வளவு வரும் என்பது கட்டு பிரித்த பிறகுதான் தெரியும் என்று அவர் மறுபடி சொன்னார். அது மாஸ்டருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் சமாதானத்துக்கு யார் முதலில் வாயைத் திறப்பது?

அடுத்த நாள் பகல் நகர மறுத்தது. தெருவில் யாரோ வண்டியைக் கியர் மாற்றத் தெரியாமல் அலறவிட்டார்கள். மாஸ்டரின் கால் உதறியது. தரை விரிசலைப் பார்த்துப் பார்த்து அதன் ஒவ்வொரு கிளையும் அவருக்கு மனப்பாடம். மதியம் அத்தை பக்கத்து அறையில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு முணுமுணுப்பது கேட்டது. காது கொடுத்துக் கேட்டார்.

"...சரி, சாகடிக்கணும்னே வச்சுக்கோ. கையில கோட்டு இருக்குல்ல? ஒரு தடவையாச்சும் முயற்சி பண்ணிப் பாக்கணுமா இல்லையா அவ? கதவைச் சாத்திட்டு நின்னா ஆச்சா? புத்தகம் எழுதறானாம் புத்தகம்."

அத்தை அந்த இதழைத் தனியாக மறுபடி படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"நேரம் இல்லைங்க அத்தை!" என்று கத்தினார். "தண்ணி கதவுக்கு வந்துடுச்சு. உள்ள குழந்தைங்க. கோட்டைக் கழட்டி மடிப்பைப் பிரிச்சு முடிச்சுப் போடறதுக்குள்ள எல்லாரும் செத்திருப்பாங்க!"

பாதங்கள் விறுவிறுவென்று வந்தன. "என்ன நேரம் இல்லை? நான் பிரிச்சுக் காட்டட்டுமா? கைக்கு வேகம் வேணும், அவ்வளவுதான்."

"அவ தபால்காரி, தையல்காரி இல்லை!"

"கோட்டைப் போட்டிருக்கறவளுக்கு அது எப்படிப் பிரியும்னு தெரியாதா?"

சண்டை அன்று மாலைவரை நடந்தது. மனைவி வந்தபோது வீடு சந்தைக்கடையாக இருந்தது. அவள் கைப்பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் முதல் வாசிப்பு மறுபடி ஆரம்பித்தது, ஒரு நிபந்தனையோடு. உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு அத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஆசிரியரைத் திட்டலாம். அத்தை அந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்.

மருத்துவர் நிமிரலாம் என்று சொன்ன நாளில் மாஸ்டருக்குத் தலை சுற்றியது. இடது கண்ணில் பார்வை வந்திருந்தது. முழுதாக இல்லை. நேர்க்கோடுகள் நடுவில் நெளிந்தன. எழுத்து அட்டையில் கடைசி வரிகள் தண்ணீருக்குள் கிடப்பது போல் தெரிந்தன. இன்னும் தெளியும், வண்டி விஷயத்தை அப்புறம் பார்க்கலாம், அதுவரை வகுப்பறையில் சாலை விதிகளை நடத்துங்கள் என்றார் மருத்துவர். மாஸ்டர் தலையாட்டினார். பயம் போகவில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு நடமாட முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அனுமதித்த அளவுக்கு மெதுவாக, ஒவ்வொரு கட்டமாக, அந்த இதழைத் தானே படித்தார். படித்துவிட்டு அத்தையிடம் வந்தார். அத்தை ஊருக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. ஆசிரியர் செஞ்சதுதான் சரி. அந்தக் கை கண்ணாடியில இருக்கே, அதைவிட வேற முடிவு இல்லை."

"உங்களுக்குச் சரி. எனக்கு இல்லை."

"இதைத்தான் குரூப்ல சொல்லப் போறேன். உங்க கயிறு நல்ல யோசனை, ஆனா கதைக்குப் பொருந்தலைன்னும் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க. தையல்காரி ஒருத்தி ஒத்துக்கலைன்னும் சேர்த்துச் சொல்லுங்க." அத்தை பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினார். முதன்முறையாக மாப்பிள்ளையின் முகத்தை நேரே பார்த்து, "கண்ணு சிவந்திருக்கு. அழுதீங்களா?" என்றார்.

"சொட்டு மருந்துங்க அத்தை."

அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த இதழ் வந்த அன்று மாஸ்டர் வகுப்பறையில் கரும்பலகையில் வளைவுக் குறியீடுகளை வரைந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. அத்தை. பின்னணியில் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"மாப்பிள்ளை, வாங்கிட்டீங்களா? நான் காலையிலேயே வாங்கிட்டேன். அவளுக்குப் புதுக் கோட்டு குடுத்திருக்கான். உள்பையையே காணோம். தபாலை எங்க வைப்பா?"

"அத்தை, நான் இன்னும் படிக்கலை, சொல்லிடாதீங்க."

"சொல்லலை. பதினோராம் பக்கத்துல மட்டும்—"

"அத்தை!"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் போனைப் பொத்திக்கொண்டு, சாக்குக்கட்டியைப் போட்டுவிட்டு, படிக்கட்டில் இறங்கி ஓடினார்.